பெர்னடெட் வயர் மாற்றுகிறார்

வாகனத்துக்குள் ஏறுவதற்கு முன் பெர்னடெட் செருப்பைக் கழற்றிவிடுகிறார். இரண்டையும் சோடியாக முன் சில்லுக்குப் பக்கத்தில் வைக்கிறார். பிறகு வெறுங்காலோடு உள்ளே போய், விரிப்பின் மேல் மெல்ல மெல்ல அடியெடுத்து, முன்னிருந்து பின்னுக்கும் பின்னிருந்து முன்னுக்கும் நடக்கிறார். வானாக இருந்தால் நடை. காராக இருந்தால் ஆசனத்தில் இருந்தபடி இரண்டு பாதங்களாலும் தரையைத் தடவுவார். வாகனச் சொந்தக்காரர்கள் முதல்முறை இதைப் பார்க்கும்போது, தங்களுக்குத் தருகிற மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். "பரவாயில்லை, செருப்போடையே ஏறுங்கோ" என்று பெருந்தன்மையாகச் சொல்பவர்களும் உண்டு.

"மரியாதைக்கு இல்லை," என்பார் பெர்னடெட். "விரிப்புக்குக் கீழை ஆர் ஆர் என்னென்ன கூத்தாடி வைச்சிருக்கினம் எண்டு காலுக்குத்தான் தெரியும்."

நாற்பத்திநான்கு வயது. ஒடிசலான உடம்பு, அகலமான பாதங்கள். பாவாடைக்கு மேலே கணவரின் பழைய நீளக்கைச் சட்டையைப் போட்டிருப்பார். அந்தச் சட்டைப் பையில் ரோச் லைற்றுக்குப் போடுகிற ஒரு சின்னப் பற்றறி, பாதி தேய்ந்த சவர்க்காரக் கட்டி, ஒரு சுருள் தங்கூசி. வலை பின்னுகிற அதே நைலோன் நூல்தான், கொஞ்சம் தடித்த இனம். கழுத்தில் மாதா பதக்கம் ஒன்று தொங்கும். வாகனத்தின் பற்றறிப் பக்கம் குனியும்போது மட்டும் அதைத் தூக்கி முதுகுப்பக்கம் எறிந்துவிடுவார். உலோகம் பற்றறியில் பட்டால் பொறி பறக்கும். "மாதாவிலை நெருப்புப் பறக்கக்கூடாது" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்வார். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்வார்.

குருநகர் இறங்குதுறைக்குப் போகும் ஒழுங்கையொன்றில் அவருடைய வீடு. முன்வளவில் நான்கு இரும்புக் குழாய்களை நட்டு, மேலே நீலத் தறப்பாள் கட்டியிருக்கிறார். அதற்குக் கீழே ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் நிற்கலாம். பெயர்ப்பலகை கிடையாது. படலையில் கிழிந்த ஸ்பீக்கர் ஒன்று தொங்குகிறது. "பாட்டுப் பெட்டி பூட்டுற அக்காவின்ரை வீடு எது?" என்று சந்தியில் கேட்டால், மீன் வாங்க வந்தவர்கள்கூட அந்த ஸ்பீக்கரைக் கைகாட்டுவார்கள்.

கிழிந்த வலை பொத்தின கைகள் பெர்னடெட்டுடையவை. வயருக்கு அவர் வந்தது கடலால். கணவர் யாகப்பு படகில் மீன்கூட்டம் பார்க்கிற கருவியைப் பூட்டிய வருடம், அது மாதத்துக்கு இரண்டு தடவை செத்துப்போனது. திருத்துகிறவர்கள் கருவியைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். ஒருநாள் பெர்னடெட் கருவியை விட்டுவிட்டு, அதற்குப் போகிற வயரைக் கையில் எடுத்துச் சாண் சாணாக மடக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் அது நொறுநொறுத்தது. தோலை உரித்தால் உள்ளே செம்பு இல்லை, பச்சைத் தூள். உப்பு தோலுக்குள்ளால் நடந்துபோய் ஒரு முழம் செம்பைத் தின்றிருந்தது. "அண்டைக்குத்தான் விளங்கினது. எல்லாரும் பெட்டியைத்தான் பாக்கினம், பெட்டிக்குப் போற பாதையை ஒருத்தரும் பாக்கிறேல்லை." முதலில் யாகப்புவின் படகு. பிறகு கரையில் நின்ற மற்றப் படகுகள். பிறகு படகுக்காரர் ஒருவரின் ஓட்டோ. பிறகு கார்கள் தாமாக வந்தன.

போன ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை, நானும் அந்தத் தறப்பாளின் கீழ் போய் நின்றேன். நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் சங்கிலி இழுத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு இப்படி மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன். அன்றைக்கு எழுதப் போகவில்லை. என் சினேகிதர் பரமலிங்கம் யாழ்ப்பாணம் போகிறேன் என்றார், துணைக்குப் போனேன்.

பரமலிங்கம் நீர்வேலிக்காரர். நாலு ஏக்கர் வாழை. சொல்லுக்குச் சொல் பதில் வேண்டும் அவருக்கு. ஆவணியில் கனடாவிலிருந்து வந்த மகன் கோகுலன், நல்ல ஸ்பீக்கர்களும் அம்ப்ளிபயர் ஒன்றும் கொண்டுவந்து தகப்பனின் வானுக்குப் பூட்டுவித்திருந்தான். கோகுலனின் சினேகிதன் ஒருவன் ஒரு பின்னேரத்தில் பூட்டி முடித்தானாம். மகன் திரும்பிப் போய் இரண்டு கிழமையில் பாட்டுக் கரகரக்கத் தொடங்கியது. எஞ்சின் வேகம் கூடக் கூட, பாட்டுக்குப் பின்னால் நுளம்பு பறப்பதுபோல ஒரு கீச்சுச் சத்தம் வேறு. யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், வானோடு வந்த கொம்பனி வயர் மெல்லிசு, அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தடித்த மொத்த வயர் போடு என்று.

"எல்லா வயரையும் மாத்து தங்கச்சி," என்றார் பரமலிங்கம். "பின்னேரம் நாலு மணிக்கு வான் வேணும். நாளைக்கு விடியத் தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை துண்டு வெட்டி விடினம். மோளையும் பேரப்பிள்ளையையும் வீட்டை கூட்டிக்கொண்டு போகோணும்."

மகள் தயாளினிக்கு மூன்று நாளைக்கு முன்னர்தான் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. அவருடைய முதல் பேத்தி. பாட்டுப் போட்டுக்கொண்டு கூட்டிப்போக வேண்டும் என்று மனதில் வைத்திருந்தார். அதை அவர் சொல்லவில்லை. வரும் வழியெல்லாம் எந்தப் பாட்டு முதலில் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு வந்ததால் எனக்குத் தெரியும்.

பெர்னடெட் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பரமலிங்கம், "இப்பதான் குடிச்சனான்" என்றார். நாங்கள் காலையிலிருந்து ஒன்றும் குடித்திருக்கவில்லை. குருநகரில், கடல்தொழில் சாதி வீட்டில், நீர்வேலிக்காரர் ஏன் அப்படிச் சொல்வார் என்று பெர்னடெட்டுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெர்னடெட் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வானுக்குள் ஏறினார்.

முன்னிருந்து பின்னுக்கு ஒரு நடை. பின்னிருந்து திரும்பும்போது நடு ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்றார். வலது காலை எடுத்தார், அதே இடத்தில் திரும்ப வைத்தார். பெருவிரலை மட்டும் ஊன்றி ஆசனத்தின் காலோரமாக அழுத்தினார். நாய் ஒன்று மணம் பிடித்ததுபோல அவருடைய முழு உடம்பும் அசையாமல் நின்றது. பிறகு இறங்கி வந்து, "ஐயா, சாவியைத் தாங்கோ" என்றார். வானை உள்ளே எடுத்து நிறுத்தப் போகிறார் என்று பரமலிங்கம் சாவியைக் கொடுத்தார். பெர்னடெட் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த வான் இண்டைக்கு ஓடாது ஐயா. நாளைக்கும் ஓடாது."

"என்ன விசர்க்கதை? இப்ப நீர்வேலியிலையிருந்து ஓடித்தானே வந்தது?"

"வந்தது. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

"நாளைக்கு விடியப் பிள்ளையை எடுக்கோணும் எண்டு சொன்னனான் எல்லோ?"

"எடுங்கோ. உதிலை வேண்டாம்."

பரமலிங்கத்தின் முகம் சிவந்துபோனது. அவருடைய குரல் தோட்டத்தில் வாழைக்குலை ஏற்றும்போது வருகிற குரலாக மாறியது. "வயர் மாத்தக் குடுத்த வாகனத்தை மறிச்சு வைக்கிறதுக்கு நீ ஆர்? என்ரை வான். என்ரை சாவி. தா இஞ்சை!"

அயலில் வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பெர்னடெட் பற்றறிப் பக்கம் போனார். பதக்கத்தை முதுகுக்கு எறிந்தார். பற்றறியின் முனையிலிருந்து வயரைக் கழற்றி, துணியால் சுற்றிக் கட்டினார். பிறகு நடு ஆசனத்தைப் பிடித்திருந்த நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பரமலிங்கம் அவருக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டே இருந்தார். நான் அவருடைய தோளைத் தொட்டேன், தட்டிவிட்டார். பெர்னடெட் ஆசனத்தைத் தனியாகவே தூக்கி ஒரு பக்கம் வைத்து, விரிப்பை உரித்து மடித்தார். மடித்த பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.

விரிப்பின் அடிப்பக்கம் பத்து ரூபா நாணயக் குற்றி அளவுக்குக் கருகியிருந்தது.

பற்றறியிலிருந்து பின்னுக்கு, அம்ப்ளிபயருக்குப் போகிற சிவப்பு வயர், ஆசனக் கால் போல்ட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. வான் குலுங்கும்போதெல்லாம் அங்கே உராய்ந்து, தோல் தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. அது வண்டியின் இரும்பைத் தொட்டுத் தொட்டு விட்டிருக்கிறது. ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு சின்ன நெருப்பு. பற்றறிக்குப் பக்கத்தில் ஒரு பியூஸ் இருந்திருந்தால் முதல் தொடுகையிலேயே அது எரிந்து மின்சாரத்தை நிறுத்தியிருக்கும். பூட்டினவர் பியூஸ் போடவில்லை.

"தொட்டுப் பாருங்கோ, ஐயா. இப்பவும் சூடு."

பரமலிங்கம் விரலை வைத்தார். எடுத்தார். விரல் நுனி கறுத்திருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார்.

"எந்தச் சீற்றுக்குக் கீழை?" என்று கேட்டார். பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

"நடுச் சீற்று."

மகள் அந்த ஆசனத்தில்தான் இருந்திருப்பாள். மடியில் பிள்ளை. அவர் வானின் படியில் மெல்ல உட்கார்ந்தார்.  பெர்னடெட்டின் முகத்தில் வென்ற களை இல்லை. மடித்த விரிப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்தார்.

"கனிசியஸ் அண்ணை, நாளைக்கு விடிய ஆறு மணிக்குத் தெல்லிப்பழைக்கு ஒரு பச்சைப் பிள்ளையை எடுக்கப் போகோணும். ஓம். ஓம். மெதுவா ஓடோணும்." வைத்துவிட்டுப் பரமலிங்கத்திடம் திரும்பினார். "உங்கடை பேத்திக்குக் கார் வரும். பயப்பிடாதேங்கோ. அந்தக் காருக்கு வயர் ஓடினது நான்தான்."

வயர் பூட்டினவனைப் பெர்னடெட் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கெட்ட பிள்ளை இல்லை," என்றார். "அவசரக்காரப் பிள்ளை. சத்தம் வந்தா வேலை முடிஞ்சுது எண்டு நினைச்சிட்டார்."

ஓட்டோவில் திரும்பினோம். நீர்வேலி வரைக்கும் பரமலிங்கம் அந்தக் கறுத்த விரலைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான் தனியாகவே குருநகருக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பெர்னடெட் வானின் முன் கதவுகள் இரண்டையும் உரித்துப் போட்டிருந்தார். கதவின் உட்பக்கப் பலகையைக் கழற்றினால் உள்ளே வெறும் இரும்பும் ஓட்டைகளும்தான். கொம்பனி வயர் ஒன்று, தைக்கிற நூலைவிடக் கொஞ்சம் தடிப்பாக, ஸ்பீக்கருக்குப் போனது. கோகுலனின் சினேகிதன் மொத்த வயரைக் கதவு வரை கொண்டுவந்து, அங்கே இந்த மெல்லிய வயரோடு முறுக்கி, ரேப் சுற்றிவிட்டிருந்தான். முறுக்கு தளர்ந்து கிடந்தது. கரகரப்பு அங்கிருந்துதான்.

"ஏன் கதவோடை நிப்பாட்டினவர் தெரியுமோ?" என்று பெர்னடெட் என்னைக் கேட்டார். "இதுக்குப் பயந்து."

அவர் காட்டியது, கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் இருக்கிற ரப்பர்க் குழாய். விரல் மொத்தம், மடிப்பு மடிப்பாக. யன்னல் கண்ணாடிக்கும் பூட்டுக்கும் போகிற வயர்கள் எல்லாம் ஏற்கெனவே அதற்குள் நெருக்கிக்கொண்டு போகின்றன. புது வயரை அதற்குள் தள்ளினால் மடிப்பில் முட்டி வளைந்துவிடும். பலர் அதை விட்டுவிட்டு, கதவில் வேறு ஓட்டை துளைப்பார்கள். ஓட்டையின் விளிம்பு வயரை அறுக்கும். மழைத்தண்ணி உள்ளே போகும்.

பெர்னடெட் தங்கூசியை எடுத்தார். நுனியை நெருப்பில் காட்டி ஒரு சின்ன உருண்டையாக்கினார், ரப்பரில் குத்தாமல் இருக்க. சவர்க்காரத்தில் இழுத்தார். ஒரு கையால் குழாயின் ஒரு முனையில் தங்கூசியைக் கொடுத்து, மற்றக் கையால் ரப்பரை மெல்லப் பிசைந்தார். மடிப்புக்கு மடிப்பு அது உள்ளே போவதைக் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணை அவர் மூடியேதான் இருந்தார். உதடு மட்டும் அசைந்தது. செபம் என்று நினைத்தேன், கிட்டப் போய்க் கேட்டால் மடிப்பை எண்ணுகிறார். பதினொன்று என்று சொல்லி நிறுத்தினார். மற்ற முனையில் தங்கூசி எட்டிப் பார்த்தது.

அதில் வயரைக் கட்டிய முடிச்சைப் பற்றி என்னால் சரியாக எழுத முடியாது. மூன்று முறை செய்துகாட்டச் சொன்னேன், மூன்று முறையும் அவருடைய விரல்கள் எனக்கு முந்திவிட்டன. இழுக்க இழுக்க இறுகும், பருக்காது. வயரைவிட முடிச்சு மொத்தமாக இருந்தால் குழாயில் சிக்கும் அல்லவா? அது வயரின் மொத்தமேதான் இருந்தது. ஒரே சீராக இழுத்தார். புது வயர் சவர்க்காரம் பூசிக்கொண்டு வழுக்கி வந்தது. அளவைக்காரனாக எத்தனையோ நுட்பமான கைகளைப் பார்த்திருக்கிறேன். கருவி இல்லாமல், பார்வை இல்லாமல் வேலை செய்கிற கையை அன்றுதான் பார்த்தேன்.

"இது எத்தனை வருசப் பழக்கம்?" என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பக் கேட்டேன். அவர் வேலையிலேயே இருந்தார். கோபமோ என்று மூன்றாம் முறை கொஞ்சம் உரத்துக் கேட்டபோது, முகத்தை முழுக்கத் திருப்பினார்.

"அந்தப் பக்கம் நிண்டு கதைச்சா எனக்குக் கேளாது. இடப்பக்கம் வாங்கோ."

வலக்காது முழுச் செவிடு.  "ஷெல் விழுந்ததோ?" என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் கேக்கிறவை," என்று சிரித்தார். "கூகைக்கட்டு. ஒன்பது வயசிலை. கன்னத்து வீக்கம் வத்திச்சுது, காது திரும்பி வரேல்லை."

இடமும் வலமுமாக இரண்டு பக்கச் சத்தத்தைச் சீர்செய்கிற தொழில். அதை ஒற்றைக் காதோடு பத்து வருடமாகச் செய்கிறார். நான் யோசித்துக்கொண்டு நிற்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். ஸ்பீக்கரின் வயர் முனைகளில் அந்தச் சின்ன ரோச் பற்றறியைத் தொட்டுக் காட்டினார். ஸ்பீக்கரின் கறுப்புக் கடதாசிக் கூம்பு மெல்ல முன்னுக்கு வந்தது. "வெளியிலை வருதெல்லோ? அப்ப இது கூட்டல், இது கழித்தல். ரெண்டு பக்கமும் ஒண்டா வரோணும். மாறிக் குடுத்தால், ஒண்டு தள்ளேக்கை மற்றது இழுக்கும். அடிச்சத்தம் செத்துப்போம். அதை அறிய ஒரு காது காணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிச்சத்துக்குக் கை இருக்கு" என்றார்.

மத்தியானம் பரமலிங்கம் வந்தார். கனிசியஸின் காரில் பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் முதலில் வாய் திறந்தார். வழியெல்லாம் நித்திரையாம். பெர்னடெட் கையைத் துடைத்துவிட்டு, "தாய்க்குப் பால் இருக்கோ?" என்று கேட்டார். "ஓம், இருக்காம்" என்றார் அவர், ஒரு பிள்ளையைப்போல. எனக்கு ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணி கதிரையில் இருந்தது. யாரும் கேட்காமலே அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி வைத்தார். பெர்னடெட் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பின் கதவு ஸ்பீக்கர்களின் வயரை அவர் மாற்றவில்லை என்று கண்டதும் பரமலிங்கத்துக்குத் திரும்பவும் பழைய குரல் கொஞ்சம் வந்தது. "எல்லாம் மாத்து எண்டெல்லோ சொன்னனான், பிள்ளை?"

"ஏன் மாத்துறது? உது நல்ல வயர். மெல்லிசுதான். ஆனால் பின்னுக்கு இருக்கிறது சின்ன ஸ்பீக்கர், அது குடிக்கிறது கொஞ்சம். அதுக்கு இது காணும். முன்னுக்கு இருக்கிற ரெண்டும் அம்ப்ளிபயரிலை குடிக்கிறது. அதுக்குத்தான் காணாது."

பரமலிங்கம் தலையைச் சரித்து யோசித்தார். "ரெண்டு இஞ்சி மோட்டருக்கு அரை இஞ்சிக் குழாய் பூட்டினமாதிரி?"

"அதேதான், ஐயா."

"அப்ப பின்னுக்கு?"

"பின்னுக்கு நீங்கள் பூக்கண்டுக்குத்தானே தண்ணி விடுறியள்."

அவர் வாய்விட்டுச் சிரித்ததை அந்த இரண்டு நாளில் அப்போதுதான் கேட்டேன்.

பின்னேரம் முழுக்க மின்சார வயர். புதுச் சிவப்பு வயருக்கு, பற்றறியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே பியூஸ். ஆசனக் கால்களுக்கு எட்டாத ஓரமாக, வண்டியின் இடப்பக்கமாகவே அதைக் கொண்டுபோனார். பாட்டைக் கொண்டுபோகிற வயரைத் தனியாக வலப்பக்கத்தால் விட்டார். முன்பு இரண்டும் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன, நுளம்புச் சத்தம் அதனால்தான். வண்டியின் இரும்பில் பூட்டுகிற ஏர்த் வயருக்காகப் பெயின்றைச் சுரண்டி, இரும்பு கண்ணாடிபோல மினுங்கிய பிறகே பூட்டினார். மேலே கிறீஸ் பூசினார், கடற்காற்றுக்கு. ஒவ்வொரு இணைப்பையும் ஈயத்தால் ஒட்டி, சூடு காட்டினால் சுருங்குகிற குழாயை மேலே ஏற்றி, இழுத்துப் பார்த்தார். இழுக்கும்போது தன் முழுப்பாரத்தையும் கொடுத்தார். விரிப்பைத் திரும்பப் போடுமுன், வயர் போகிற பாதை முழுவதும் கையால் ஒரு முறை, காலால் ஒரு முறை.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பரமலிங்கமும் நானும் போனபோது கதவுகள் பூட்டி, ஆசனம் பூட்டி, வான் கழுவித் துடைத்து நின்றது. முதலில் பெர்னடெட் தன் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு சத்தத்தைப் போட்டார். பாட்டு அல்ல. ஒரு படகு எஞ்சின். தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, கரையில் அடங்கியது. யாகப்புவின் படகு திரும்புவதைக் கரையில் நின்று தானே பதிந்ததாம். ஓட்டுநர் ஆசனத்தில் இருந்து ஒருமுறை, மற்ற ஆசனத்தில் இருந்து ஒருமுறை, இரண்டு கைகளையும் இரு பக்கமும் விரித்துக் கதவுகளைத் தொட்டபடி ஒருமுறை கேட்டார். "இருபது வருசமா விடிய விடியக் கேக்கிற சத்தம். இதிலை பொய் இருந்தா எனக்குத் தெரியும்." எஞ்சினை முடுக்கி உறுமவிட்டார். நுளம்பு இல்லை. கரகரப்பு இல்லை. பரமலிங்கத்தின் வானுக்குள் கடல் இருந்தது, அவ்வளவுதான்.

"இனிப் பாட்டு, ஐயா. நீங்கள் ஓடுற சீற்றிலை இருங்கோ. உங்களுக்கு விருப்பமானதைப் போடுங்கோ."

பரமலிங்கம் போட்டது ஒரு பெண் குரல் பாடுகிற தாலாட்டு. பெர்னடெட் அவருக்கு இடப்பக்க ஆசனத்தில் ஏறி, முகத்தை முழுக்க அவர் பக்கம் திருப்பியபடி இருந்தார். நான் பின்னால் குனிந்து நின்றேன்.

"கண்ணை மூடுங்கோ. பாடுறவ எங்கை நிண்டு பாடுறா? விரலாலை காட்டுங்கோ."

பரமலிங்கம் கண்ணை மூடினார். கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். பிறகு வலப்பக்கக் கதவைக் காட்டினார். "இதுக்குள்ளை."

"ஓம். அந்தப் பக்கம் உங்களுக்குக் கிட்ட. அதாலை அங்கையிருந்து முந்தி வாறா. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுறன்." ரேடியோவின் பொத்தானை அமர்த்தினார். வலப்பக்கச் சத்தம் ஒரு கண்சிமிட்டலின் சின்னத் துண்டளவு பிந்தியது. பரமலிங்கத்தின் விரல் தயங்கி, கதவை விட்டு உள்ளே நகர்ந்தது. இன்னும் ஒருமுறை அமர்த்தினார். விரல் சுக்கானுக்கு மேலே வந்தது. பெர்னடெட் பாட்டைக் கேட்கவில்லை. அந்த விரலையே, மீற்றரின் முள்ளைப் பார்ப்பதுபோல, பார்த்துக்கொண்டிருந்தார். பாடுகிறவள் முன்னால் நிற்பதாகத் தோன்றுகிற அந்த இடம் இரண்டு காதுகளும் சேர்ந்து கட்டுவது. ஒற்றைக் காதுக்கு அங்கே எவரும் நிற்பதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை வாகனங்களில், எத்தனை பேரின் விரல்களைப் பார்த்து அவர் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருப்பார்!

மூன்றாம் முறை பொத்தானை அமர்த்தியதும் விரல் நடுவுக்கு வந்தது. முன் கண்ணாடிக்குக் கொஞ்சம் இப்பால், டாஷ்போர்ட்டுக்கு ஒரு சாண் மேலே, நின்றது.

"இஞ்சை," என்றார் பரமலிங்கம். குரல் இறங்கிவிட்டிருந்தது. "இதிலை நிக்கிறா. எனக்கு முன்னாலை. ஆள் நிக்கிறமாதிரியெல்லோ கிடக்கு, பிள்ளை."

"கையை எடாதேங்கோ," என்றார் பெர்னடெட்.

பரமலிங்கம் கண் மூடியபடி இருந்தார். பாட்டு போய்க்கொண்டிருந்தது. பெர்னடெட் சட்டையில் கையைத் துடைத்தார். முன்னுக்குச் சாய்ந்து, அந்த விரல் காட்டிய வெறுங்காற்றில், ஒரு பச்சைப் பிள்ளையின் உச்சந்தலையைத் தொடுவதுபோல, தன் உள்ளங்கையை மெல்ல வைத்துக்கொண்டு இருந்தார்.